பாட்டைப் பெட்டியில் அடைத்தது யார்?

சனிக்கிழமை சாயங்காலம் பெருங்குடியில் ஏதாவது ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும். முதலில் தண்ணி லாரி வரும். அதற்குப் பின்னால் டெலிவரி வண்டி வரும். வண்டியிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்று இறங்கும். அட்டைப்பெட்டிக்குள் தெர்மாகோல், தெர்மாகோலுக்குள் கறுப்பாக இன்னொரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்பீக்கர். ராத்திரி ஒன்பது மணிக்கு மூன்றாவது மாடியில் அது 'தும் தும்' என்று ஆரம்பிக்கும்போது, இரண்டாவது மாடி சமையலறை ஷெல்ஃபில் எவர்சில்வர் டம்ளர்கள் நடுங்கும். நாலாவது மாடிப் பெரியவர் அசோசியேஷன் செக்ரட்டரிக்கு ஃபோன் போடுவார்.

வாங்கியவரைக் கேட்டுப் பாருங்கள். "செம பேஸ் சார்!" என்பார். சரி, பாடுகிறவர் என்ன வார்த்தை பாடினார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

இங்கேதான் சிக்கல். பாட்டுக் கேட்க வாங்கிய சாமான் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்க வைக்கிறது. இதற்கு வால்யூமைக் குறை சொல்வார்கள், பையன்களின் ரசனையைக் குறை சொல்வார்கள், கம்போசரைக்கூடக் குறை சொல்வார்கள். பெட்டியை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை. ஸ்பீக்கர் என்றாலே பெட்டி, பெட்டி என்றாலே ஸ்பீக்கர் என்று மனசில் பதிந்துவிட்டது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கப் பெட்டி அவசியமே இல்லை. பெட்டியைத் தேர்ந்தெடுத்தது கடை, காது இல்லை.

பெட்டி எதற்கு வந்தது?

ஸ்பீக்கர் என்பது அடிப்படையில் ஒரு காகிதக் கூம்பு. பின்னால் காந்தம், காந்தத்துக்குள் கம்பிச் சுருள். கூம்பு முன்னால் போகும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று இழுபடுகிறது. அதாவது எந்த ஸ்பீக்கரும் எப்போதும் இரண்டு சத்தம் போடுகிறது, ஒன்றுக்கொன்று நேர் எதிராக. மேல் ஸ்தாயியில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. கீழ் ஸ்தாயியில் ஒலியின் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருப்பதால், பின்பக்கச் சத்தம் சுற்றிக்கொண்டு வந்து முன்பக்கச் சத்தத்தோடு சேர்ந்து கழிந்துவிடும். வரவும் செலவும் சமம், கையிருப்பு பூஜ்யம். ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டால் கீச்சுக் கீச்சென்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்பீக்கரை ஒரு அகலமான பலகையில் பொருத்துவது. பின்பக்கச் சத்தம் சுற்றி வரத் தூரம் அதிகமாகும், கழிவு குறையும். இரண்டு, பின்பக்கத்தை ஒரு பெட்டி போட்டு மூடிவிடுவது.

மூடினால் வேலை முடிந்ததா? இல்லை. முன்னால் வந்த அளவு சத்தம் பின்னாலும் போயிருக்கிறதே, அது எங்கே போகும்? கொஞ்சம் உள்ளே அடைத்த பஞ்சில் சூடாகக் கரையும். கொஞ்சம் பெட்டியின் பலகைகளை அதிர வைக்கும். மிச்சம் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி, அந்த மெல்லிய காகிதக் கூம்பு வழியாகவே கொஞ்சம் தாமதமாக வெளியே வரும். சண்டை போட்டவனை அறைக்குள் பூட்டி வைத்தால் கதவைத் தட்டிக்கொண்டேதானே இருப்பான்? குரலில் ஒரு 'டப்பா' வாசனை இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது கற்பனை இல்லை, டப்பாவேதான்.

பெட்டியின் வெளி வடிவமும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி ஓல்சன், ஒரே ஸ்பீக்கரைப் பல வடிவக் கூடுகளில் வைத்து அளந்து 1951-இல் முடிவுகளை வெளியிட்டார். கோள வடிவத்தில் ஒலி ரொம்பச் சீராக இருந்தது. கனசதுரம் மோசமான வரிசையில் வந்தது. உலகம் எதைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லவே வேண்டாம்.

தாத்தா ரேடியோவின் முதுகு

மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் என்று பழைய வால்வு ரேடியோ யார் வீட்டிலாவது இன்னும் பரணில் இருந்தால், இறக்கித் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று மரமும் துணியும். பின்பக்கம் ஓட்டை ஓட்டையாகப் போட்ட ஒரு அட்டை. வால்வின் சூடு வெளியே போக வேண்டும், ஸ்பீக்கரின் மூச்சும் வெளியே போக வேண்டும். அது பெட்டி மாதிரித் தெரியும். உண்மையில் முதுகு திறந்த பலகை.

1938-இல் மெட்ராஸ் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு தலைமுறை கச்சேரியையும் நாடகத்தையும் செய்தியையும் கேட்டது இந்தத் திறந்த முதுகு வழியாகத்தான். "அந்த ரேடியோவில் குரல் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், பழைய ஞாபகம் என்று சிரிக்கிறார்கள். பாதி பழைய ஞாபகமாக இருக்கலாம். அந்த ரேடியோக்களில் உச்ச ஸ்தாயி மொண்ணையாக இருக்கும், 'ஹம்' சத்தம் இருக்கும், எல்லாம் உண்மை. ஆனால் குரலை ஒரு மூடிய டப்பாவுக்குள் போட்டு உருட்டி எடுக்கிற கெட்ட பழக்கம் அவற்றுக்குக் கிடையாது.

பெட்டி ஜெயித்த கதை

இன்றைக்கும் எல்லா வீட்டிலும் இருக்கும் கம்பிச் சுருள் ஸ்பீக்கருக்கு உருவம் கொடுத்தவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும். அவர்கள் கட்டுரை வந்தது 1925-இல். அதற்குப் பிறகு வந்த வீட்டு ரேடியோக்கள் பெரும்பாலும் திறந்த முதுகோடுதான் வந்தன. நல்ல பேஸ் வேண்டும் என்றவர்கள் பீரோ அளவுக்குக் கூடு கட்டினார்கள்.

1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் மாதிரிப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அவருடைய 'அக்கௌஸ்டிக் ரிசர்ச்' நிறுவனத்தின் ஏ.ஆர்.-1 பீரோவை அலமாரித் தட்டுக்குச் சுருக்கியது. புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. 1957, 58 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது. இனி வீட்டுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டு பீரோவை எந்த வீட்டு அம்மாவும் ஹாலில் விடமாட்டார். சின்னப் பெட்டி ஜெயித்தது.

ஜெயித்த காரணத்தைக் கவனியுங்கள். பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடவுனில் அடுக்கலாம். லாரியில் ஏற்றலாம். சுவரோடு ஒட்டி வைக்கலாம். ஷோரூமில் இருபது ஜோடியை ஒரே சுவரில் நிறுத்தலாம். பலகை மாதிரி நிற்கும் ஸ்பீக்கருக்கு இது எதுவும் ஒத்துவராது. அது சுவரைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், தனி இடம் கேட்கும். சதுர அடிக்கு வாடகை கொடுக்கும் கடைக்காரர் எதை விற்பார்? சந்தையில் ஒரு சரக்கு ஜெயிப்பதும் அது சிறந்த சரக்காக இருப்பதும் ஒன்றில்லை என்பது பி.காம். படிக்கிற எவருக்கும் தெரியும். ஸ்பீக்கர் விஷயத்தில் மட்டும் எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரக்கை விற்கப் பின்னாளில் வந்த தந்திரம் வாட்ஸ் கணக்கு. ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் குவிந்து கிடந்தன. பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. அந்தப் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் அது கரண்டிலிருந்து எடுப்பதே 20, 30 வாட்ஸ் என்று எழுதியிருக்கும். 20 ரூபாய் வரவு வைத்து 1000 ரூபாய் செலவு காட்டினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? சவுண்டு உலகத்தில் போட்டார்கள்!

பெட்டியை மதிக்காதவர்கள்

எல்லோரும் சந்தைக்குப் பணிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் என்பவரின் 'குவாட்' கம்பெனி 1957-இல் ஒரு விசித்திரமான ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டி இல்லை, கூம்பு இல்லை, காந்தமும் இல்லை. பார்ப்பதற்குக் குளிர் நாட்டு ரூம் ஹீட்டர் மாதிரி இருக்கும் (சென்னைக்காரர்களுக்கு ரூம் ஹீட்டர் என்றால் சித்திரை மாதம்தான்!). இதுதான் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்.

வேலை செய்யும் விதம் எளிமை. ஓட்டை போட்ட இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் சில மைக்ரான் தடிமனே உள்ள பாலியெஸ்டர் படலம். படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம். பாட்டின் சிக்னல் இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகும்போது, படலம் ஒரு பக்கம் இழுக்கப்பட்டு மறுபக்கம் தள்ளப்படும். காற்று அசையும். அவ்வளவுதான்.

இதில் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மைக்ரான் பாலியெஸ்டர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிராம். அது ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் காற்றின் எடை. சாதாரண 8 இன்ச் கூம்பு கம்பிச் சுருளோடு சேர்த்து 20 கிராம் என்று வைத்தால், சதுர மீட்டர் கணக்கில் அது 900 கிராமைத் தொடும். ஐம்பது மடங்கு! லேசான படலம் சொன்ன உடனே கிளம்பும், சொன்ன உடனே நிற்கும். அதுவும் ஓர் ஓரத்தில் தள்ளாமல் முழுப் பரப்பிலும் ஒரே சமயத்தில் தள்ளப்படுகிறது. வீணையில் மீட்டு விழுகிற அந்தக் கணம், பாடகர் மூச்சை இழுத்துக்கொள்கிற அந்தக் கணம், இவை இரண்டும் கேட்க வேண்டுமென்றால் இந்த லேசுதான் முக்கியம். அந்த முதல் குவாட் 1985 வரை தயாரிப்பில் இருந்தது. 28 வருஷம் ஒரே மாடல் ஓடியது என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் இல்லையா?

அமெரிக்காவில் ஜிம் வைனி என்ற எஞ்சினியர் 1969-இல் மேக்னபேன் கம்பெனியைத் தொடங்கினார். அதே மாதிரி மெல்லிய படலம், ஆனால் மின்னூட்டத்துக்குப் பதில் படலத்தின்மேல் கம்பியை ஒட்டி எதிரில் காந்தங்களை வரிசையாக வைத்தார். ஆயிரக்கணக்கான வோல்ட் தேவையில்லை, சுவர் பிளக்கே தேவையில்லை. கதவு மாதிரி நிற்கும் ஸ்பீக்கர். ஹியூலெட் பேக்கார்டில் எஞ்சினியராக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் இன்னொரு வழியில் போனார். சாதாரணக் கூம்புகளையே வாங்கி, முதுகு திறந்த பலகையில் பொருத்தி, கணக்கோடு சரிசெய்து காட்டினார். 2018-இல் இறக்கும்வரை தன் அளவுகளையும் காரணங்களையும் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்துக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்" என்பவர்களுக்கு: புனேயில் கேடன்ஸ் என்ற கம்பெனி எலக்ட்ரோஸ்டாடிக் பேனலையும் வூஃபரையும் சேர்த்து ஹைப்ரிட் ஸ்பீக்கர்கள் செய்து வெளிநாட்டுக்கே விற்றிருக்கிறது.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். தமிழ்நாட்டு டீக்கடையிலும் சலூனிலும் ஒரு காலத்தில் இருந்த பானை ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கிறதா? மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பதித்து மூலையில் வைத்திருப்பார்கள். ஓல்சன் 1951-இல் அளந்து சொன்ன உருண்டைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது அந்தப் பானைதான். எதிரெதிர் சுவரே கிடையாது. களிமண் மெல்லிய பலகை மாதிரி அதிராது. பானைக்கும் ஒரு சொந்த சுருதி உண்டு, அந்த இடம் வந்தால் கூடவே ஊதும் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் ஷோரூம் பெட்டியைப் பார்த்து யாரும் சிரிக்காத ஊரில் பானையைப் பார்த்து மட்டும் சிரித்தார்கள்.

பெருங்குடி ஹாலில் நடப்பது என்ன?

சரி, ஊருக்கு வருவோம். பெருங்குடி ஃப்ளாட்டில் 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே டைல்ஸ், நாலு பக்கமும் பூச்சுச் சுவர், மேலே கான்கிரீட். கார்ப்பெட் கிடையாது, சென்னை வெயிலில் யார் போடுவார்கள்? சத்தத்தை உறிஞ்ச சோபாவும் திரைச்சீலையும்தான்.

எந்த அறைக்கும் சொந்த சுருதி உண்டு. 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்குச் சுமார் 56. உயரமும் 10 அடி என்பதால் அங்கேயும் அதே 56. இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றன! பேஸ் கித்தாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். ராஜா பாட்டில் பேஸ் கித்தார் அந்தக் கம்பிக்கு வரும்போதெல்லாம் அறை இரட்டிப்பாக முழங்கும். பக்கத்து ஸ்வரத்துக்கு நகர்ந்தால் அடங்கிவிடும். பேஸ் லைன் என்று ஒரு மெட்டே எழுதியிருப்பார் மனுஷன், காதில் விழுவது ஒரே 'தும்'. டம்ளர் ஆடுவதும் இதனால்தான்.

பெட்டி ஸ்பீக்கர் கீழ் ஸ்தாயியில் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அழுத்தும். நீளம், அகலம், உயரம் என்று அறையின் மூன்று சுருதிகளையும் தட்டி எழுப்பும். முதுகு திறந்த ஸ்பீக்கர் அப்படியில்லை. முன்னாலும் பின்னாலும் சத்தம் போகும். இரண்டு பக்கவாட்டிலும் மேலும் கீழும் முன்-பின் சத்தங்கள் கழிந்து அமைதியாகிவிடும். எட்டு என்ற எண்ணைப் படுக்கப்போட்ட மாதிரி. நீளவாக்கில் வைத்தால் அது 47-ஐ எழுப்பலாம், அகலத்தையும் உயரத்தையும் பெரும்பாலும் தொடாது. அதாவது, அந்த இரட்டை 56 தூங்கிக்கொண்டே இருக்கும். எந்தச் சப்-வூஃபராலும் வாங்கித் தர முடியாத சலுகை இது.

அடுத்து, கச்சேரி. ஆண் குரலுக்கு 1 கட்டை சுருதி என்றால் ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் கடைசிக் கம்பி, அதாவது மந்திர ஷட்ஜம், சுமார் 65. பெண் குரலுக்கு 5 கட்டை என்றால் எல்லாமே அதைவிட மேலே. ஒரு கச்சேரியின் கிட்டத்தட்ட முழு ஆஸ்தியும் 65-க்கு மேலேயே இருக்கிறது. 20 முதல் 60 வரை முழங்குவதற்கென்றே காசு கொடுத்து வாங்கும் சப்-வூஃபருக்குக் கச்சேரியில் வேலையே இல்லை. வேலை இல்லாதவன் சும்மா இருப்பானா? மேடையில் யாரோ காலால் தட்டியது, ஏ.சி. உறுமல், இவற்றைப் பெரிதாக்கித் தருவான்.

எம்.டி. ராமநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடிக்குப் பக்கத்திலேயே திருவான்மியூரில் இருக்கிற கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தவர். கனத்த குரல், தாழ்ந்த சுருதி, அவசரமே இல்லாத விளம்ப காலம். பெட்டியில் அவர் குரல் மந்திர ஸ்தாயிக்கு இறங்கும்போது ஒரு ஸ்வரம் பீப்பாய்க்குள்ளிருந்து வரும், அடுத்தது காணாமல் போகும். கேட்பவர் "அவர் குரலே அப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுவார். 1984-இல் மறைந்த ஒரு மனிதர் மேல், ஒரு பெட்டி செய்த தப்புக்கு இன்றைக்கு வந்து பழி போடுவது நியாயமா?

எதிர்க்கட்சி வாதங்கள்

1. "சபாவிலேயே மைக்கும் பெட்டி ஸ்பீக்கரும்தானே?" உண்மை. ஆனால் ரெக்கார்டிங்கில் இருப்பது மைக் பிடித்த குரல். சபா ஹாலில் முழங்கிய பெட்டி அதில் ரொம்பக் கொஞ்சம். வானொலி ஸ்டுடியோ பதிவுகளில் அதுவும் இல்லை. பாடியவரைக் கேட்க வழி இருக்கும்போது சபாவின் பெட்டியை வீட்டில் திரும்பக் கட்டுவானேன்?

2. "பேஸ் வராது." குறையும், வராமல் போகாது. 2 அடி அகலப் பலகை என்றால் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் 6 டெசிபெல் குறைந்துகொண்டே போகும். பெரிய கூம்பும், ஆம்ப்ளிஃபையரில் கொஞ்சம் பேஸ் திருத்தமும் இருந்தால் கச்சேரியின் 65-க்கு இறங்கிவிடலாம். பேஸ் கித்தாரின் 41 வரை முழுசாக வேண்டுமென்றால் கஷ்டம். படத்தில் குண்டு வெடிப்பதுதான் முக்கியம் என்பவர் பெட்டியையே வைத்துக்கொள்ளட்டும், சண்டை இல்லை. பேச்சு பாட்டைப் பற்றி.

3. "சென்னை ஈரத்துக்கு எலக்ட்ரோஸ்டாடிக் தாங்காது." எதிர்க்கட்சியின் பலமான வாதம் இது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஈரக் காற்றில் மின்னூட்டம் கசியும், சத்தம் குறையும், சில சமயம் சடசடக்கும். மின்னூட்டம் உள்ள படலம் தூசியைக் காந்தம் மாதிரி இழுக்கும், ஓ.எம்.ஆர். தூசியைக் கேட்கவே வேண்டாம். ஏ.சி. அறை, துணி உறை, கேட்காதபோது பிளக்கைப் பிடுங்கி வைப்பது என்று பராமரிக்க முடிந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம். மேக்னபேனுக்கு மின்னூட்டத் தொல்லை இல்லை. ஆனால் வருஷங்கள் போனால் பசை விட்டுக் கம்பி கழன்ற கதைகள் உண்டு. ப்ளைவுட் பலகைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

4. "இடம் அடைக்கும்." அடைக்கும். பின்பக்கச் சத்தம் சுவரில் பட்டு உடனே திரும்பாமல் இருக்க, சுவரிலிருந்து 3 அடியாவது முன்னால் தள்ளி வைக்க வேண்டும். கேட்கும்போது இழுத்து வைத்து, கேட்டு முடித்ததும் சுவரோடு சாய்த்துவிடலாம். பலகைதானே! 5.1-க்கு ஆறு பெட்டியும் ஹால் முழுக்க வயரும் வைக்க இடம் இருக்கிற வீட்டில் இதற்கு இடம் இல்லையா?

5. "ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் விலை." பேனல் ஸ்பீக்கர் வைத்திருக்கும் பணக்காரக் கூட்டம் கிளப்பிவிட்ட பயம் இது. அவர்களுக்கு ஸ்பீக்கர் ஒரு நகை. கேபிளுக்கே ஒரு மாதச் சம்பளம் கொடுப்பவர்கள், பலகையில் ஓட்டை போட்டு ஸ்பீக்கர் மாட்டியவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெட்டி விற்பவர் காதை ஏமாற்றுகிறார் என்றால் இவர்கள் பர்ஸை ஏமாற்றுகிறார்கள், பெரும்பாலும் தங்கள் பர்ஸையே.

கையில் இருக்கும் வழி

பெருங்குடி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். 12 அல்லது 15 இன்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: காந்தம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது என்று கடைக்காரர் தூக்கிக் காட்டுவார். திறந்த பலகைக்கு அது பொருந்தாது. காந்தம் மிதமாக, கூம்பு லேசாக, அழுத்தினால் மெத்தென்று அசைவதாக இருக்க வேண்டும். விவரச் சீட்டில் 'க்யூ.டி.எஸ்.' என்று ஒரு எண் இருந்தால் அது 0.7-க்குப் பக்கத்தில் இருப்பது உத்தமம். காந்தம் அதிகமானால் அந்த எண் இறங்கும், பலகையில் பேஸ் மெலியும்.

அடுத்து ப்ளைவுட் கடை. 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்று, முக்கால் இன்ச் தடிமன். நாலாக அறுத்தால் 4 அடிக்கு 2 அடியில் நாலு துண்டு. இரண்டு துண்டு பலகைக்கு, மிச்சம் இரண்டு கால் வைக்கவும் பக்கச் சிறகு வைக்கவும். ஓட்டையை நட்டநடுவில் போடாமல் கொஞ்சம் ஓரமாகப் போடச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் சம தூரம் என்றால் ஒரே ஸ்வரத்தில் பள்ளம் விழும். தரைக்குப் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர், காது உயரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர், நடுவில் பிரித்துக் கொடுக்க ஒரு கிராஸ் ஓவர். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று வீட்டில் தூங்கினால் அது போதும்.

எலக்ட்ரோஸ்டாடிக்கை மட்டும் யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஐயாயிரம் வோல்ட் விளையாட்டுச் சாமான் இல்லை.

முதல் நாள் ஏமாற்றமாக இருக்கலாம். 'தும்' இருக்காது. சர்க்கரையை நிறுத்தினவனுக்குக் காபி கசக்கிற மாதிரிதான். நாலு நாள் போனால் கசப்பு போய்க் காபியின் மணம் தெரியும். குரல் அறையின் நடுவில் வந்து நிற்கும். தம்புரா எங்கே முடிந்து குரல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. தனியார் வீட்டு சவுண்டு சிஸ்டம் தன் எல்லையில் அதை 5 டெசிபெல்லுக்கு மேல் தாண்டக்கூடாது என்றும் சொல்கின்றன. ஆனால் அபார்ட்மெண்ட் சண்டைகள் டெசிபெல் மீட்டர் வைத்து ஆரம்பிப்பதில்லை. கான்கிரீட் வழியாக இறங்குகிற அந்தக் கீழ் 'தும்'மில்தான் ஆரம்பிக்கின்றன. முதுகு திறந்த ஸ்பீக்கர் அந்தத் 'தும்'மைக் கம்மியாகத்தான் போடும். குரல் வீட்டுக்குள் தங்கும், பக்கத்து வீட்டு டம்ளரும் ஷெல்ஃபில் தங்கும்.

நாலாவது மாடிப் பெரியவருக்கு எதிரியும் பாட்டு இல்லை, பெட்டிதான். மார்கழியில் சபா போக முழங்கால் இடம் கொடுக்காத வயசு. மூன்றாவது மாடியில் ஒரு ஜோடி பலகையைச் சுவரைவிட்டு மூன்றடி தள்ளி வைத்து எம்.டி.ஆரைப் போட்டால், அவர் செக்ரட்டரிக்கு ஃபோன் போடமாட்டார். லிஃப்டில் ஒரு மாடி இறங்கி வந்து, யார் பாடுவது என்று கேட்பார்.

பி.கு.: ப்ளைவுட் வாங்கும் முன் ஒரு சின்னப் பரிசோதனை. வீட்டில் இருக்கிற பெட்டி ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்து, சுவரைவிட்டு மூன்றடி முன்னால் ஸ்டூலில் வையுங்கள். சப்-வூஃபர் ஸ்விட்சை அணையுங்கள். தெரிந்த குரல் ஒன்றைப் போடுங்கள். அரை மணி நேரம் கேட்ட பிறகும் பெட்டிதான் உசத்தி என்று தோன்றினால் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம் :-)